தவறு நேர்வதற்கு முன்பே மூளையில் தெரியும் மாற்றம்: கண்டெய்னர் கேட்டில் வேலை செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

திருவொற்றியூரிலிருந்து மணலி வழியாக மாதவரம் வரை பரவிக் கிடக்கும் கண்டெய்னர் யார்டுகளின் வாசலில் நடக்கும் வேலை, பார்ப்பதற்கு மிக எளிமையானது. சென்னைத் துறைமுகத்திலிருந்தோ எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலிருந்தோ டிரெய்லர் வந்து நிற்கிறது. கேட் கிளார்க் பெட்டியின் கதவில் உள்ள எண்ணைப் படித்துக் கணினியில் தட்டுகிறார், கதவைப் பூட்டியிருக்கும் முத்திரையான சீலின் எண்ணை ஆவணத்தோடு ஒப்பிடுகிறார், சீட்டைக் கொடுத்து வண்டியை உள்ளே விடுகிறார். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடலாம். ஆனால் இதே எளிய வேலையில், பல ஆண்டு அனுபவம் உள்ளவரும் திடீரென்று இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டிவிடுகிறார். பிறகு பெட்டியைத் தேடுவதும், லாரி ஓட்டுநர் காத்துக் கிடப்பதும், கட்டணத் தகராறும் தொடர்கின்றன. அப்போது மேற்பார்வையாளர் கேட்பது ஒரே கேள்வி: "கொஞ்சம் கவனமா இருந்தா என்ன?"

அந்தக் கேள்வி தவறு நேர்ந்த நொடியைப் பற்றியது. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, தவறு அந்த நொடியில் தொடங்குவதில்லை என்பதுதான். அது பல வினாடிகளுக்கு முன்பே, சில சமயம் அரை நிமிடத்துக்கு முன்பே, மூளையின் இயக்கத்தில் தொடங்கிவிடுகிறது. அதற்கான ஆய்வுச் சான்று என்ன, அதை ஸ்கேன் இயந்திரம் எதுவும் இல்லாமல் நீங்களே எப்படிச் சோதித்துப் பார்ப்பது, கேட் வேலையில் எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: ஆய்வுகள் எதைக் கண்டன என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இதில் அதிகம் பேசப்படுவது, நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் ஐக்கலேவும் அவருடன் இணைந்த பன்னாட்டு ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு. மூளையின் இயக்கத்தைப் படமாக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேனுக்குள் படுத்திருந்தவர்களுக்கு, 1974இல் எரிக்சன் தம்பதியர் அறிமுகப்படுத்திய 'ஃப்ளாங்கர்' சோதனையின் ஒரு வடிவம் தரப்பட்டது. நடுவில் உள்ள குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். சுற்றியுள்ள குறிகள் சில சமயம் எதிர்ப்பக்கம் காட்டிக் குழப்பும். தவறான பொத்தான் அழுத்தப்பட்ட தருணங்களிலிருந்து பின்னோக்கிப் பார்த்தபோது, ஏறத்தாழ 30 வினாடிக்கு முன்பிருந்தே இரண்டு மாற்றங்கள் மெல்ல வளர்ந்து வந்தது தெரிந்தது. ஒன்று, ஓய்வாக இருக்கும்போது மும்முரமாகவும் வேலையில் ஈடுபடும்போது அடங்கியும் இருக்க வேண்டிய மூளைப் பகுதிகளில் இயக்கம் மீண்டும் கூடத் தொடங்கியது. மற்றொன்று, வேலையில் முயற்சியைத் தக்கவைக்கும் முன்மூளைப் பகுதிகளில் இயக்கம் படிப்படியாகக் குறைந்தது. தவறு நேர்ந்து, அதை மூளை உணர்ந்த பிறகு, இந்தப் போக்கு திரும்பிப் பழைய நிலைக்கு வந்தது.

முதலில் சொன்ன பகுதிகள், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்கலும் அவருடைய குழுவினரும் 2001இல் மூளையின் இயல்புநிலை என்று விவரித்த இயக்கத்தைச் சேர்ந்தவை. பழைய நினைவு, வீட்டுக் கவலை, நாளைக்குச் செய்ய வேண்டியது என்று மனம் தன்போக்கில் போகும்போது இவைதான் இயங்குகின்றன. ஆகவே எளிய வேலையில் நிகழும் தவறைச் சோம்பல் என்றோ அலட்சியம் என்றோ சொல்வது பொருந்தாது. திரும்பத் திரும்ப ஒன்றையே செய்யும்போது மூளை தன் உழைப்பைச் சிக்கனப்படுத்த முயல்கிறது என்றும், அந்தச் சிக்கனம் எல்லை மீறும்போது தவறு நேர்கிறது என்றும் ஐக்கலே குழுவினர் விளக்கம் கூறினர். அது ஒரு விளக்கம்தான். ஆனால் நான் கேட்டில் பார்ப்பதோடு மிகவும் ஒத்துப்போகிற விளக்கம்.

எஃப்.எம்.ஆர்.ஐ, நரம்பின் மின்துடிப்பை நேரடியாக அளப்பதில்லை. இயங்கும் பகுதிக்குப் பாயும் இரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தை அளக்கிறது. அந்த மாற்றம் உச்சத்தை அடையச் சில வினாடிகள் ஆகும். வேகமான மாற்றங்களைப் பார்க்க வேறு கருவிகள் வேண்டும். 2009இல் அலி மசாஹெரியும் சக ஆய்வாளர்களும், மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் எம்.ஈ.ஜி கருவியால் இதைச் செய்தார்கள். திரையில் 1 முதல் 9 வரை எண்கள் தோன்றும். 5 தவிர எல்லாவற்றுக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். 5 வந்தும் கை அழுத்திவிட்ட சமயங்களில், அதற்கு ஏறத்தாழ ஒரு வினாடி முன்பே, பின்தலையில் உள்ள பார்வைப் பகுதியில் ஆல்ஃபா அலை சுமார் 25 சதவீதம் வலுவாக இருந்தது. ஆல்ஃபா என்பது வினாடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் அலை. கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது ஓங்குவது. ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்ட, மனித மூளையின் முதல் மின்பதிவிலேயே இடம்பெற்றது. திறந்த கண்ணோடு இருக்கும் ஒருவரின் பார்வைப் பகுதியில் அது ஓங்கினால், கண் பார்த்துக்கொண்டிருந்தாலும் மூளை பார்ப்பதைத் தளர்த்திவிட்டது என்று பொருள் கொள்ளலாம். அதே 2009இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஓ'கானெல் குழுவினர், வேறொரு சோதனையில், ஆல்ஃபாவின் இந்த ஏற்றத்தைத் தவறுக்கு 20 வினாடி முன்பிருந்தே கண்டார்கள்.

இரண்டாம் படி: இந்த முடிவுகள் எதைச் சொல்லவில்லை என்பதையும் மனத்தில் நிறுத்துங்கள்

இவை பல தவறுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தபோது தெரிந்த போக்குகள். ஒரு தனி மனிதர் அடுத்த வண்டியின் எண்ணைத் தவறாகத் தட்டப்போகிறாரா என்று அடித்துச் சொல்லும் சோதிடம் அல்ல. அறிகுறி தோன்றியும் தவறு நேராமல் போவதுண்டு. மேலும், எல்லாத் தவறும் கவனச் சரிவால் வருவதில்லை. துருப்பிடித்த கதவில் 3க்கும் 8க்கும் வேறுபாடு தெரியாமல் தட்டியது பார்வைக் குறையாலோ வெளிச்சக் குறையாலோ நேர்ந்த தவறு. அதற்கு நல்ல விளக்கு போதும். இந்த வழிகாட்டி, எண் தெளிவாக இருந்தும், படிக்கத் தெரிந்தும், கை மாற்றித் தட்டிய தவறுகளைப் பற்றியது.

மூன்றாம் படி: உங்களையே சோதித்துப் பாருங்கள்

தவறுக்கு முந்தைய சரிவை மூளையில் பார்க்க ஸ்கேன் வேண்டும். நடத்தையில் பார்க்க ஒரு கணினி போதும். இயன் ராபர்ட்சனும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட, நீடித்த கவனத்தை அளக்கும் 'சார்ட்' எனப்படும் சோதனை இதற்கு ஏற்றது. சைக்கோபை, சைடூல்கிட் போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு இதை அமைத்துக்கொள்ளலாம். எந்தக் கருவியாக இருந்தாலும், ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை மில்லிவினாடியில் தனித்தனியே பதிவு செய்வதாக இருக்க வேண்டும். இறுதியில் மொத்த மதிப்பெண் மட்டும் தரும் விளையாட்டுச் செயலிகளால் நமக்குப் பயனில்லை.

சோதனையின் அமைப்பு இதுதான். 1 முதல் 9 வரையான எண்கள், ஒவ்வொன்றும் 25 முறை, மொத்தம் 225 முறை, கலைந்த வரிசையில் தோன்றும். ஓர் எண் 250 மில்லிவினாடி திரையில் நிற்கும். பின்னர் 900 மில்லிவினாடிக்கு ஒரு வட்டக்குறி அந்த இடத்தை மறைக்கும். 3 தவிர எந்த எண் வந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும். 3 வந்தால் கையை அடக்க வேண்டும். வேகத்துக்கும் சரியாகச் செய்வதற்கும் சம முக்கியத்துவம் தர வேண்டும். நான்கு நிமிடத்தைச் சற்றே தாண்டி எல்லாம் முடிந்துவிடும். தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு சிறிய ஒத்திகைக்குப் பிறகு தொடங்குங்கள். இரவுப் பணிக்கு முன்பு ஒரு முறையும், அது முடிந்து வந்ததும் ஒரு முறையும் செய்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

நான்காம் படி: கணக்கிடுங்கள்

பதிவைத் திறந்து, 3 தோன்றிய 25 இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் கையை அடக்கியவை ஒரு பக்கம், அழுத்திவிட்டவை மறுபக்கம். ஒவ்வொரு 3க்கும் முன்னால் வந்த நான்கு எண்களுக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட நேரங்களின் சராசரியை எழுதுங்கள். பிறகு, தவறிய 3களுக்கு முந்தைய சராசரிகளையும் தவறாத 3களுக்கு முந்தைய சராசரிகளையும் தனித்தனியே சராசரி எடுத்து ஒப்பிடுங்கள். 1997 ஆய்வில், தவறுக்கு முந்தைய நான்கு எண்களிலேயே கையின் வேகம் கூடியிருந்தது. அதாவது 3 வருவதற்கு முன்பே, பார்த்து அழுத்துவது போய், தாளத்துக்கு அழுத்துவது தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தூக்கமின்மையை ஆராய்பவர்கள் பயன்படுத்தும் மற்றொரு சோதனையில், எப்போது வரும் என்று தெரியாத ஒரு குறிக்காகப் பத்து நிமிடம் காத்திருந்து, வந்தவுடன் அழுத்த வேண்டும். அதில் கவனச் சரிவு வேகக் குறைவாகத் தெரியும். 500 மில்லிவினாடிக்கு மேல் தாமதித்தால் அதைத் தவறவிட்டதாகவே கணக்கில் எடுக்கிறார்கள். ஆக, ஒரே செயலை ஓயாமல் செய்யும் வேலையில் சரிவு அவசரமாகவும், காத்திருந்து செய்யும் வேலையில் தாமதமாகவும் வெளிப்படுகிறது. கேட்டில் இரண்டு வகையும் உண்டு. எண்ணூர் விரைவுச்சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் நேரம் முதல் வகை. விடியற்காலையில் எப்போதோ ஒரு வண்டி வரும் நேரம் இரண்டாம் வகை. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கக் கூடாது.

ஐந்தாம் படி: உங்கள் வேலையில் 3 எது என்று கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிக அதிகமாக மதிப்பது இந்தப் படியைத்தான். சோதனையில் 225 முறைக்கு 25 முறை மட்டுமே 3 வருகிறது. அரிதாக வருவதால்தான் கை ஏமாறுகிறது. கேட்டில் அப்படி அரிதாக வந்து, வழக்கமான செயலை நிறுத்தச் சொல்வது எது?

கண்டெய்னர் எண்ணை எடுத்துக்கொள்வோம். கண்டெய்னர் எண்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ 6346 விதிப்படி அதில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. பாடமாகச் சொல்லித்தரப்படும் எடுத்துக்காட்டு சி.எஸ்.கியூ.யூ 305438, சரிபார்ப்பு இலக்கம் 3. எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் உரிய மதிப்புகளை 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 6185 வரும். அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. நடுவில் உள்ள 54ஐ 45 என்று மாற்றித் தட்டினால் கூட்டுத்தொகை 6249 ஆகிவிடும், மீதி 1. கடைசி இலக்கத்தோடு பொருந்தாததால் கணினி உடனே நிறுத்திவிடும். அதாவது, கேட்டில் மிகச் சாதாரணமாக நேரும் இடமாற்றத் தவறைப் பிடிக்க ஏற்கெனவே ஒரு காவல் இருக்கிறது.

சீல் எண்ணுக்கு அப்படிப் பொதுவான சரிபார்ப்பு இலக்கம் கிடையாது. ஆவணத்தில் உள்ள சீல் எண்ணும் பெட்டியில் தொங்கும் சீல் எண்ணும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதனால் மூளை அதைப் பார்ப்பதை முதலில் தளர்த்திவிடுகிறது. ஒத்துப்போகாத சீல், கதவுக் கீலில் கழற்றி மாட்டிய தடயம், பக்கவாட்டில் புதிய ஒடுக்கு: இவைதான் உங்கள் 3கள். அவற்றை ஒரு தாளில் எழுதி, கணினிக்கு மேலே ஒட்டுங்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு கவனம் வை என்று சொல்வது நடக்காத காரியம். கணினி பிடித்துவிடும் தவற்றில் செலவழிக்கும் கவனத்தை, எதுவும் பிடிக்காத இடத்துக்கு மாற்றுவதுதான் நடக்கக்கூடியது.

ஆறாம் படி: சரிவு வளர்வதற்கு முன்பே அதைக் குறுக்கிடுங்கள்

சரிவு மெல்ல வளர்வதால் நமக்குக் கிடைக்கும் நன்மை, இடையில் புகுந்து அதை அறுக்கலாம் என்பது. 2011இல் அரிகா, யெராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 50 நிமிடம் சலிப்பூட்டும் கண்காணிப்பு வேலை செய்தவர்களின் திறன் நேரம் செல்லச் செல்லக் குறைந்தது. இடையில் இரண்டே முறை மிகச் சுருக்கமாக வேறொரு செயலுக்கு மாறியவர்களிடம் அந்தக் குறைவு தென்படவில்லை. நீண்ட ஓய்வு அல்ல, சிறிய மாற்றமே அங்கே போதுமானதாக இருந்தது. கேட்டில் இதைச் செய்ய எளிய வழி, வெளியே நின்று பெட்டியைப் பார்ப்பவரும் உள்ளே உட்கார்ந்து தட்டுபவரும் அரை மணிக்கு ஒரு முறை இடம் மாறிக்கொள்வது. அரை மணி என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ரேடார் பார்ப்பவர்களின் சோர்வை ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த், 1948இல் வெளியிட்ட ஆய்வில், முதல் அரை மணிக்குள்ளேயே குறிகளைத் தவறவிடுவது கூடிவிடுவதைக் காட்டினார்.

வரிசை கட்டி வண்டி நிற்கும் நேரத்துக்கு, கையின் தாளத்தை உடைப்பது தேவை. வாய்விட்டுப் படிப்பதும் விரலால் சுட்டுவதும் இதற்குச் சிறந்தவை. பேசின் பிரிட்ஜைக் கடக்கும் விரைவு ரயில்களின் எஞ்சினில், ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வது விதி. ஜப்பான் ரயில்வேயில் விரலால் சுட்டிச் சொல்லும் வழக்கத்தை 1994இல் சோதித்தபோது, எளிய பணி ஒன்றில் தவறுகள் ஏறத்தாழ 85 சதவீதம் குறைந்தன. கேட்டில் சீல் எண்ணுக்கு மட்டுமாவது இதைக் கட்டாயமாக்கலாம். வெளியே நிற்பவர் சீலைத் தொட்டு, இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் ஆவணத்தைப் பார்க்காமல் தட்டிவிட்டு, திரையில் உள்ளதைத் திரும்பப் படிக்க வேண்டும். அதன் பிறகுதான் ஆவணத்தைப் பார்ப்பது. முதலில் ஆவணத்தைப் பார்த்துவிட்டால், காது எதிர்பார்ப்பதையே கேட்கும். "அண்ணே, அம்பத்திநாலா, நாப்பத்தஞ்சா?" என்று திருப்பிக் கேட்கும் கிளார்க்கை நான் ஒருபோதும் தாமதப்படுத்துகிறார் என்று நினைத்ததில்லை, அந்தக் கேள்வியே அவர் விழித்திருக்கிறார் என்பதற்குச் சான்று.

விடியற்காலைக்கு இவை போதாது. தூக்கம் குறைந்தவரிடம் கவனம் வினாடிக் கணக்கில் முற்றாக விட்டுப்போவதை எந்தப் பயிற்சியும் ஈடு செய்யாது. அங்கே பணி நேர அட்டவணையை மாற்றுவதுதான் தீர்வு. அது நிர்வாகத்தின் பொறுப்பு, கிளார்க்கினுடையது அல்ல.

ஏழாம் படி: தவறு நேர்ந்த பின் வரும் நொடிகளை வீணாக்காதீர்கள்

தவறான பொத்தானை அழுத்திய 50 முதல் 100 மில்லிவினாடிக்குள், முன்தலையின் நடுப்பகுதியில் ஒரு மின் அலை எழுகிறது. 1990களின் தொடக்கத்தில் ஃபால்கன்ஸ்டைன் குழுவும் கெரிங் குழுவும் தனித்தனியே இதை விவரித்தன. தான் தவறியதை ஒருவர் உணராதபோதும் இந்த அலை எழக்கூடும் என்றும், உணர்ந்தால் மட்டுமே அதற்குப் பின் மற்றோர் அலை வலுவாக வருகிறது என்றும் 2001இல் நியூவென்ஹுய்ஸ் குழு காட்டியது. தவறுக்குப் பிந்தைய செயலில் மனிதர்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கிறார்கள் என்பது 1966இல் ராபிட் செய்த ஆய்விலிருந்தே தெரிந்தது.

ஆகவே, மூளை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் நேரம் அது. அப்போது மேற்பார்வையாளர் சத்தம் போட்டால், திருத்தத்துக்குச் செல்ல வேண்டிய கவனம் அவமானத்துக்குச் செல்கிறது. இதை நான் மிக வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் திட்டு வாங்கிய கிளார்க் அடுத்த பெட்டியிலும் தடுமாறுவதை நம் யார்டுகளில் யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அந்தப் பதிவைத் திருத்தட்டும், அடுத்த வண்டியை எடுப்பதற்கு முன், சற்று முன்பு அனுப்பிய இரண்டு மூன்று பதிவுகளையும் அவரே திறந்து பார்க்கட்டும். சரிவு தவறுக்கு முன்பே தொடங்கியிருந்தால், அந்தப் பதிவுகளிலும் ஏதாவது தப்பியிருக்க வாய்ப்பு உண்டு.

எட்டாம் படி: பதிவேடு வைத்துத் திருத்துங்கள்

ஒவ்வொரு பதிவுக்கும் கணினி நேரமுத்திரை போடுகிறது. தலையில் பட்டை மாட்டி மூளையலையை அளக்கும் கருவிகள் எதையும் கேட்டுக்குள் கொண்டுவர வேண்டிய தேவை இல்லை, கொண்டுவரவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேலை செய்பவரின் கவனத்தை மேற்பார்வையாளர் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது அச்சத்தைத்தான் வளர்க்கும். ஊழியரின் ஒப்புதலோடு, தவறிய ஒவ்வொரு பதிவுக்கும் முந்தைய நான்கு பதிவுகளின் இடைவெளிகளைக் குறித்து, அதே நேரத்தில் சரியாகச் செய்த பதிவுகளின் இடைவெளிகளோடு ஒப்பிடுங்கள். பெயரை எழுத வேண்டாம். நேரம், அப்போது வரிசையில் நின்ற வண்டிகள், கடைசியாக இடம் மாறி எவ்வளவு நேரமாயிற்று, எந்த வகைத் தவறு என்பவை போதும். இடைவெளி குறுகிய பின் தவறுகள் வந்திருந்தால் சுட்டிச் சொல்லும் முறையை முழு எண்ணுக்கும் நீட்டிப்பதும், இடைவெளி நீண்ட பின் வந்திருந்தால் அந்த நேரத்துப் பணிமாற்றத்தை முன்னே நகர்த்துவதும், இரண்டுமே இல்லாவிட்டால் விளக்கு, எழுத்தின் தெளிவு, திரையின் அமைப்பு ஆகியவற்றைப் பார்ப்பதும் முறை. மாதக் கடைசியில் இந்த ஏட்டைக் கிளார்க்குகளோடு உட்கார்ந்து படியுங்கள். எந்த நேரத்தில் கை தன்போக்கில் ஓடத் தொடங்குகிறது என்பதை எண்களை விடத் துல்லியமாக அவர்களே சொல்வார்கள், இடம் மாறும் நேரத்தையும் அவர்களே குறிக்கட்டும்.